எட்மண்ட் சாரின் பூரான்கள்

தாம்பரத்தில் பைத்தியக்காரன் என்று பேர் வாங்குவதற்குச் சட்டையைக் கிழித்துக்கொண்டு தெருவில் ஓட வேண்டியதில்லை. பர்மனென்ட் ரயில்வே வேலையை ராஜினாமா செய்தால் போதும். எட்மண்ட் ஜீவரத்தினம் அதைத்தான் செய்தார். எழுபத்தேழாம் வருஷம் நாடே எலெக்‌ஷன் முடிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, தாம்பரத்தில் ஒரு சர்ச் வாசலில் மட்டும் எட்மண்டைப் பற்றித்தான் பேச்சு. சிக்னல் டிபார்ட்மென்ட் மெக்கானிக், குவார்ட்டர்ஸ் உண்டு, பாஸ் உண்டு, கடைசி காலத்துக்குப் பென்ஷன் உண்டு. அத்தனையையும் உதறிவிட்டு குரோம்பேட்டையில் ஒரு ஐயர் பட்டறையில் செத்துக் கிடக்கிற மிஷினுக்கு உயிர் கொடுக்கப் போகிறாராம். செத்ததற்கு உயிர் கொடுக்கிற வேலையை ஆண்டவர் ஒருத்தரே செய்து முடித்துவிட்டார், இவர் யார் புதுசாக என்று பெரியவர்கள் கேட்டார்கள். கேட்காமல் என்ன செய்வார்கள்?

அவருடைய மனைவி சாராள் மிஷன் ஸ்கூல் டீச்சர். வாயில் வார்த்தை எப்போதும் சாணை பிடித்து வைத்த மாதிரி இருக்கும். ராஜினாமா விஷயம் தெரிந்த அன்றைக்கு அவள் கத்தவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை கேட்டிருக்கீங்களா?" என்றாள்.

"கேட்டிருக்கேன்."

"இப்ப பாக்கவும் போறீங்க."

குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு கோவிலம்பாக்கத்தில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனார்கள். ஏரியும் வயலுமாக இருந்த ஊர். மழை பெய்தால் தவளை போடுகிற சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்காது. "ஸ்கூல்ல பிள்ளைங்களுக்குப் பாடம், வீட்டுல தவளைக்குப் பாடம். நல்ல ப்ரமோஷன் வாங்கிக் குடுத்தீங்க" என்று சாராள் சொல்வாள். எட்மண்ட் சிரித்து மழுப்புவார். தோற்றுப் போனால் திரும்பிப் போக இடம் கிடையாது என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

அந்த மிஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டறை முதலாளி யக்ஞநாராயணன் எங்கேயோ ஏலத்தில் எடுத்துக்கொண்டு வந்து நிறுத்தியிருந்த வெளிநாட்டு டிரில்லிங் மிஷின் அது. சாதாரண மிஷினில் ஆள் கைச்சக்கரம் சுற்றி, அளந்து, குறி போட்டு ஓட்டை போட வேண்டும். இது அப்படி இல்லை. ஓட்டைகள் குத்திய காகித நாடா ஒன்றை அதற்குக் கொடுத்தால், அதைத் தானே படித்துக்கொண்டு, மேஜையைத் தானே நகர்த்தி, இரும்புத் தகட்டில் குறித்த இடத்தில் தானே ஓட்டை போடும். போட வேண்டும். ஆனால் அதை நடத்துகிற பீரோ அளவுப் பெட்டியில் இருந்த, பழைய ரேடியோவில் வருகிற மாதிரி கண்ணாடி வால்வுகள் எல்லாம் அவிந்து போயிருந்தன. மாற்று வால்வு இந்தியாவில் கிடைக்காது, வெளிநாட்டிலிருந்து புதுப் பெட்டி தருவிக்க லைசென்ஸ் கிடைக்காது. உடம்பு கட்டுமஸ்தாக இருக்க, மூளை செத்துப் போன ஆள் மாதிரி மிஷின் சாக்கு போர்த்திக்கொண்டு நின்றது.

முதலாளி வீட்டு ரேடியோவை ரிப்பேர் பார்க்கப் போன எட்மண்டுக்கு அதை அவர் காட்டினார். காட்டாமல் இருந்திருக்கலாம். பீரோவின் அடித்தட்டில் வரிசையாக ரிலேக்கள், கரெண்ட் வந்தால் தானே ஒட்டி விடுகிற ஸ்விட்சுகள், இருந்தன. சிக்னல்காரனுக்கு ரிலே என்றால் சொந்த அண்ணன் தம்பி மாதிரி. "இந்தப் பீரோவையே தூக்கிப் போட்டுட்டு, இந்தக் காலத்து ஐ.சி. வச்சு சின்னதா ஒரு பெட்டி செஞ்சா ஓட்டிடலாம் சார்" என்று வாயை விட்டார். அப்போது அவர் ஐ.சி.யைக் கையால் தொட்டதுகூடக் கிடையாது.

அதற்கப்புறம் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது! ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு ரேடியோ சாமான் கடைக்காரர் தடியாக ஒரு இங்கிலீஷ் புத்தகம் வைத்திருந்தார். சாமான் வாங்குகிற சாக்கில் அதைப் புரட்டிக்கொண்டு நிற்பார் எட்மண்ட், கடைக்காரர் இருமுகிறவரைக்கும். வால்வுகளின் வேலையைச் செய்கிற அந்த ஐ.சி. சில்லு என்பது கறுப்பாக, இரண்டு பக்கமும் வரிசையாகக் காலோடு, பார்க்கிறதற்குப் பூரான் மாதிரியே இருக்கும். பட்டறையில் அதற்குப் பூரான் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் வாங்கின பூரான்கள் அத்தனையும் செத்தன. ஈயம் பற்றவைக்கிற பழைய சால்டரிங் அயர்னில் கரெண்ட் கசிந்ததுதான் காரணம் என்று கண்டுபிடிக்கவே ஒரு மழைக்காலம் போயிற்று. இதெல்லாம் ரயில்வேயில் இருந்துகொண்டே லீவு போட்டுச் செய்தது. லீவு தீர்ந்தது. இங்கேயா அங்கேயா என்று முதலாளியும் கேட்டார், ரயில்வேயிலும் கேட்டார்கள். அவர் பட்டறை என்றார்.

அவருக்கு இருந்த பெரிய கஷ்டம் வேறு. ரிலே பேசும். டக் என்று ஒட்டும், டக் என்று விடும். ஒரு ரூம் நிறைய ரிலே இருந்தாலும் எது தூங்குகிறது எது வேலை செய்கிறது என்று காதாலேயே கண்டுபிடிப்பார். பூரான் பேசாது. நல்லதும் ஊமை, செத்ததும் ஊமை. இத்தனை வருஷ அனுபவமும் காதில் இருந்தவர், அந்தப் பெட்டியின் முன்னால் செவிடு மாதிரி உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு குட்டி விளக்கு வைத்து, காதால் கேட்டதைக் கண்ணால் பார்க்கப் பழகினார். மேஜை நகர நகர விளக்குகள் மாறி மாறி எரியும். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

செப்டம்பரில் மிஷின் ஓடியது! ஓட்டியது தட்சிணாமூர்த்தி. பட்டறையின் மூத்த டர்னர், லேத் ஓட்டுகிறவன், திருநீர்மலைக்காரன், எட்மண்டைவிட நாலைந்து வயது சின்னவன். காகித நாடாவை மாட்டி ஸ்விட்சைத் தட்டினான். மேஜை நகர்ந்தது, நின்றது, டிரில் இறங்கியது. தகடு முழுக்க வரிசை தப்பாமல் ஓட்டை.

"எட்மண்ட் சார், இன்னா சார் இது! நம்ம வேலைக்கே உலை வச்சிட்டியே சார்!" என்று தட்சிணாமூர்த்தி அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

அன்றைக்குச் சாராளுக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போனார். அவள் பூவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "முதல்ல ஆர்டர் வரட்டும்" என்றாள். ஆனால் பூவை வைத்துக்கொண்டாள்.

ஆர்டர் வருவதற்கு ஒரு பெரிய கம்பெனியிலிருந்து சுப்பராயலு என்ற இன்ஸ்பெக்டர் வந்து மிஷின் ஓடுவதைப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். தீபாவளி கழித்து வருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். யக்ஞநாராயணன் பட்டறையே அந்த ஒரு ஆர்டரை நம்பி இருந்தது.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது.

எட்மண்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. ரயில்வேயில் சேர்ந்த நாளிலிருந்து, பூஜை தொடங்குவதற்கு முன்னால் எல்லோரிடமும் சிரித்துப் பேசிவிட்டு நைசாக நழுவிவிடுவார். வெறுப்பெல்லாம் இல்லை. பூஜை முடிந்து பிரசாதத் தட்டு வரும். எடுத்துக்கொண்டால் சாராளுக்கு மனசு கஷ்டம், எடுக்காவிட்டால் கொடுக்கிறவருக்கு மனசு கஷ்டம். இரண்டு கஷ்டமும் வேண்டாமே என்று கிளம்பிவிடுவார். இந்த வருஷமும் அப்படித்தான் போனார். லீவு நாட்களில் வீட்டில் சும்மா இல்லை. பெட்டிக்குள் பூரான்களைப் பதித்து ஒட்டும் தையலுமாக இருந்த ஒரு பலகைக்குப் பதிலாக, அதே வேலை செய்கிற பலகையைப் புதிதாக, அழகாகச் செய்து எடுத்துக்கொண்டு வந்தார்.

திரும்பி வந்தபோது மிஷின் கல்யாணப் பெண் மாதிரி நின்றது. தலையில் வாடின மாலை, சந்தனம், குங்குமம். காகித நாடாவைப் படிக்கிற பகுதி ஒன்று உண்டு, அதைப் பட்டறையில் 'கண்ணு' என்பார்கள். மேலே ஒரு சின்ன பல்பு எரியும். நாடாவில் ஓட்டை இருக்கிற இடத்தில் வெளிச்சம் கீழே இறங்கி, ஒரு கண்ணாடிப் பட்டை வழியாக உள்ளே இருக்கிற உணர்விகளில் விழும். அந்தக் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு குட்டிச் சந்தனப் பொட்டு, அதன் நடுவில் கடுகு அளவு குங்குமம்.

எட்மண்ட் அதைப் பார்த்தார். இல்லை என்று சொல்ல முடியாது, நன்றாகவே பார்த்தார். துடைக்க விரல்கூட நீண்டது. ஆனால் நீண்ட விரலை மடக்கிக்கொண்டார். ஓரத்தில்தானே இருக்கிறது, வெளிச்சம் விழுகிற இடம் தள்ளித்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மற்ற மிஷின்களின் தலையிலும் பொட்டு அப்படியே இருந்தது. யாரும் அழிக்கவில்லை. நாம் ஏன் அழிக்க வேண்டும்?

புதுப் பலகையை மாட்டினார். மிஷின் ஓடியது. ஒரு நாள், இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் நாள் ஒரு ஓட்டை இடம் தவறி விழுந்தது. அப்புறம் ஒரு தகடு சரி, ஒரு தகடு தப்பு. காலையில் நல்ல பிள்ளை, சாயங்காலம் ஆனால் குடிகாரன் மாதிரி தடுமாறும். எட்மண்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முதலில் புதுப் பலகையைச் சந்தேகப்பட்டார். கழற்றிப் பழையதை மாட்டினார், அதே தப்பு. பிறகு மழை ஈரத்தைச் சந்தேகப்பட்டு, பெட்டிக்குள் பல்பு எரியவிட்டுக் காய வைத்தார். அதே தப்பு. அதற்கப்புறம்தான் ரயிலைப் பிடித்துக்கொண்டார். பட்டறைச் சுவரைத் தாண்டினால் ரயில் பாதை. மேலே கம்பியில் ஓடுகிற கரெண்ட் எப்பேர்ப்பட்டது, அது பக்கத்து ஒயரில் என்னென்ன விஷமம் பண்ணும் என்பது அவருக்கு அத்துப்படி. அந்தப் பாதையில் பாதி வாழ்க்கையைக் கழித்தவர் இல்லையா! ஒரு தப்பு நடக்கும், உடனே ஜன்னலைப் பார்ப்பார், எலெக்ட்ரிக் ட்ரெய்ன் போய்க்கொண்டிருக்கும். "பாத்தியா!" என்பார். அட மனுஷா, பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் மாறி மாறி ஓடுகிற பாதையில் எந்த நிமிஷம் தப்பு நடந்தாலும் பக்கத்தில் ஒரு ரயில் இருக்கத்தானே செய்யும்!

ஒயருக்கெல்லாம் தகர உறை போட்டார். பட்டறைக்குப் பின்னால் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி, புதிதாக எர்த் கொடுத்தார். மழையில் குடை பிடித்துக்கொண்டு அந்தக் குழிக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆசாரம் மாறாத யக்ஞநாராயணன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்று பார்த்தார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ரயிலை நிறுத்தச் சொல்லி நான் மனுப் போடணுமா, எட்மண்ட்?"

"இல்ல சார், இன்னும் ரெண்டு நாள்ல..."

"எத்தனை ரெண்டு நாள் ஆச்சு!"

எட்மண்டுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் விளக்குகள் தப்பாக எரிந்தன. ஜெபம் பண்ண உட்கார்ந்தால் வாயில் ஆண்டவர் பெயருக்குப் பதிலாக ஐ.சி. நம்பர் வந்தது. ஒருநாள் சாராள் அவர் தலையில் கை வைத்து, "நமக்குத் தெரியாத வேலைன்னு ஒத்துக்கிட்டா என்ன குறைஞ்சு போகும்?" என்று மெதுவாகக் கேட்டாள். அவள் கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பார். அந்த மெதுவான குரல்தான் அவரை உடைத்துப் போட்டது. முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார்.

சுப்பராயலு வந்த அன்றைக்கு வானம் இடிந்து விழுகிற மாதிரி மழை. பகலிலேயே இருட்டிக்கொண்டு, குரோம்பேட்டை முழுக்க விளக்குப் போட்டிருந்தார்கள். பட்டறை பல்பெல்லாம் சிவந்து, அழுது வடிந்தது. பக்கத்து மரவாடியில் ரம்பம் ஓடத் தொடங்கியதும் இன்னும் மங்கியது. இன்ஸ்பெக்டர் குடையை மடக்கி உதறிக்கொண்டு, "நடக்கட்டும்" என்றார்.

முதல் தகடு சரியாக வந்தது. சுப்பராயலு அளந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார். யக்ஞநாராயணன் முகத்தில் எத்தனையோ நாளைக்கப்புறம் ஒரு வெளிச்சம். இரண்டாவது தகட்டின் நடுவில் மேஜை நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. நகர்ந்துகொண்டே போயிற்று. தட்சிணாமூர்த்தி பாய்ந்து ஸ்விட்சை அணைப்பதற்குள், டிரில் தகட்டைப் பிடித்திருந்த இரும்புக் கவ்வியில் இறங்கி, படார் என்று உடைந்து, ஒரு துண்டு சுப்பராயலுவின் காலடியில் விழுந்தது.

தூரத்தில் ஒரு ரயில் ஊதியது. எட்மண்ட் அதைச் சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

"பழைய மிஷின் பழைய மிஷின்தான் சார். நீங்க எந்த மூளையை வச்சாலும்" என்று சொல்லிவிட்டு சுப்பராயலு குடையை விரித்தார்.

அவர் போன பிறகு யக்ஞநாராயணன் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "திங்கட்கிழமை பல்லாவரம் தனசிங் லாரி அனுப்புவார். பழைய இரும்பா எடுத்துக்கறேன்னுட்டார். உங்க பெட்டியை அதுக்குள்ள கழட்டிக்கோங்கோ." கொஞ்சம் நிறுத்தினார். "ஒண்ணு சொல்றேன், தப்பா நினைச்சுக்காதீங்கோ. ஆயுத பூஜை அன்னிக்கு எல்லாரும் மிஷின் முன்னாடி நிக்கறச்சே நீங்க மட்டும் நிக்காம போனேளே, அப்பவே எனக்கு மனசு சரியில்லை."

எட்மண்டுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

சனிக்கிழமை ரயில்வே ஆபீசுக்குப் போனார். போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போனார். அங்கே கிளார்க்காக இருந்த ஐசக், சர்ச்சில் அவரோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவன். எட்மண்டைக் கண்டதும் எழுந்து, காண்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்தான். அந்த மரியாதையிலேயே எட்மண்டுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"மச்சான், ராஜினாமா ஏத்துக்கிட்டாச்சு. உன் இடத்துல ஆளும் போட்டாச்சு. சாகுற வரைக்கும் இருக்க வேண்டிய வேலையை நீயே எழுதிக் குடுத்துட்டுப் போனா நான் என்ன பண்ணுவேன், சொல்லு?"

"எடுபிடி கலாசி வேலையா இருந்தாலும் பரவால்ல, ஐசக்."

ஐசக் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் கண்ணில் தண்ணீர்.

எட்மண்ட் தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். வண்டிகள் வந்தன, போயின. சிக்னல் கை இறங்குவதையும் ஏறுவதையும் பார்த்தார். யாரோ பராமரிக்கிறான், நன்றாகவே பராமரிக்கிறான். நாம் இல்லாமல் ஒன்றும் நின்றுவிடவில்லை. அடுத்த வண்டி வருகிற சத்தம் கேட்டபோது, ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒரு நினைப்பு வந்து, அவரையே பயமுறுத்தியது. பிளாட்பாரத்தின் விளிம்பைப் பார்க்காமல் எழுந்து, சுவரை ஒட்டியே நடந்து வெளியே வந்து பஸ் ஏறினார். அதைப் பற்றி அவர் சாராளிடம் சொல்லவேயில்லை.

திங்கட்கிழமை லாரி வருவதற்கு முன்பே பட்டறைக்குப் போய்விட்டார். தட்சிணாமூர்த்தி அங்கே இருந்தான். அவனுக்கும் முகம் செத்துக் கிடந்தது. பக்கத்து மரவாடியில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது, பட்டறை பல்பு மங்கி மினுங்கிக்கொண்டிருந்தது. எட்மண்ட் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். முதலில் கண்ணைக் கழற்றலாம் என்று அதன் மூடியைத் திறந்தார். தட்சிணாமூர்த்தி டார்ச் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"இன்னா சார் இது! நான் வச்ச பொட்டு இன்னும் அப்டியே கீது?"

"ஆமா."

"தொடைக்கவே இல்லியா?"

கேட்டுக்கொண்டே கையில் இருந்த எண்ணெய்த் துணியால் அவன் கண்ணாடியை ஒரு இழுப்பு இழுத்தான். அவ்வளவுதான். காய்ந்த சந்தனம் மஞ்சளாகத் துணியில் வந்தது. ஓரத்துப் பொட்டு மட்டும் இல்லை, மிஷின் அதிர அதிர அதிலிருந்து வழிந்து கண்ணாடியின் பாதி வரைக்கும் பாலாடை மாதிரி மெல்லிசாகப் படர்ந்து கிடந்த சந்தனத் தண்ணியும் சேர்ந்து வந்தது.

எட்மண்ட் துணியைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். தலைக்கு மேலே சிவந்து எரிகிற பல்பைப் பார்த்தார்.

கரெண்ட் நன்றாக இருக்கிறபோது கண்ணின் பல்பு பளிச்சென்று எரியும். சந்தனத்தையும் தாண்டி வெளிச்சம் இறங்கும், மிஷின் ஒழுங்காகப் படிக்கும். சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போட்டால், மரவாடி ரம்பம் ஓடினால், பல்பு மங்கும். மங்கின வெளிச்சம் சந்தனத்தில் நின்றுவிடும். இருக்கிற ஓட்டையை இல்லை என்று மிஷின் படிக்கும். ரயிலும் இல்லை, மழையும் இல்லை, பலகையும் இல்லை. பூரான்கள் ஒரு பாவமும் அறியாதவை.

"தட்சிணாமூர்த்தி, நாடாவை மாட்டு" என்றார்.

ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. பல்பு மங்கித்தான் எரிந்தது. தகட்டைப் பொருத்தி ஸ்விட்சைத் தட்டினார்கள். மேஜை நகர்ந்தது, நின்றது, டிரில் இறங்கியது. ரயில் போனது, மேஜை அது பாட்டுக்கு நகர்ந்தது. இன்னொரு தகடு. இன்னொன்று. எல்லா ஓட்டையும் வைத்த இடத்தில் வைத்தபடி. எட்மண்ட் கீழே எண்ணெய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ சார்" என்றான் தட்சிணாமூர்த்தி. அவனுக்கும் புரிந்துவிட்டது. "அது மிஷினோட கண்ணாச்சேன்னுதான் வச்சேன் சார். தலையில வச்ச பொட்டைத் தொட மாட்டோம். வேலை செய்யற எடத்துல வச்சதை மறுநாள் ஸ்விட்சு போடறதுக்கு மின்னாடியே தொடச்சிடுவோம், எல்லாப் பட்டறையிலும் அதான் வழக்கம். இரும்பைப் புடிச்சி சுத்துற லேத்து சக்குல வச்சதை நானே தொடச்சேன். இது உன் பெட்டி, நாம கை வச்சா எதுனா ஆயிடப் போவுதுன்னு உட்டுட்டேன். நீ தொடச்சிருப்பேன்னு நெனச்சிகினு கீறேன் நானு!"

வெளியே லாரி ஹாரன் அடித்தது. யக்ஞநாராயணன் உள்ளே வந்தார். மிஷின் ஓடுகிறது, பக்கத்தில் துளை போட்ட தகடுகள் அடுக்கியிருக்கின்றன. ஒரு தகட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எட்மண்ட்! என்ன ஆச்சு?"

எட்மண்ட் எழுந்தார். ஒயர் லூஸாக இருந்தது சார் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் தட்சிணாமூர்த்தி, "பொட்டு சார்! பூஜையில நான் கண்ணாடில வச்ச பொட்டு!" என்று துணியை நீட்டிவிட்டான்.

யக்ஞநாராயணனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் கோபம் வந்தது. "இத்தனை நாளா அதைப் பாத்துண்டா இருந்தேள்? குழி வெட்டினேள், உப்புக் கொட்டினேள், ரயிலைத் திட்டினேள்! ஒரு துணியை எடுத்துத் துடைக்க உங்களுக்கு என்னய்யா வந்தது?"

"பயம் வந்துச்சு சார்" என்றார் எட்மண்ட்.

"எதுக்குப் பயம்?"

"நான் துடைச்சிருப்பேன் சார். துடைக்கத்தான் கை போச்சு. துடைச்ச பிறகு மிஷின் ஓடலைன்னா? இத்தனை நாள் ஓடிட்டிருந்த மிஷின், சர்ச்சுக்குப் போற வேதக்காரன் பொட்டை அழிச்சான், அன்னிக்கே நின்னு போச்சுன்னு சொல்வீங்களோன்னு பயம். நான் ரயில்வேயை விட்டவன் சார். எனக்குப் போக வேற இடம் இல்ல. தப்பு என் வேலையில இருந்தா அதை நான் தாங்கிப்பேன். அந்தப் பேச்சைத் தாங்க முடியாது." அதோடு நிறுத்தவில்லை. "நான் அதைத் தொடவே இல்ல. தொடாமலே அந்தப் பேச்சை வாங்கிட்டேன்."

லாரி மறுபடியும் ஹாரன் அடித்தது. யக்ஞநாராயணன் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மனசு சரியில்லை என்று தான் அன்றைக்குச் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் அப்படித்தான் இருந்தது.

"சொல்லியிருப்பேன்" என்றார் கடைசியில். "நான் சொல்லித்தான் இருப்பேன், எட்மண்ட். வேற யாரும் சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லியிருப்பேன்."

தகட்டை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார். லாரிக்காரனிடம் ஏதோ பேசுகிற குரல் கேட்டது. பிறகு தனசிங் லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு காலியாகவே பல்லாவரம் பக்கம் போயிற்று.

சுப்பராயலுவை மறுபடி வரவழைக்க முதலாளி நடையாய் நடந்தார். அவர் வந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பார்த்தார், கேட்டதில் கால்வாசி ஆர்டர் கொடுத்தார். பட்டறை பிழைத்தது. எட்மண்ட் அங்கேயே இருந்தார். சர்ச் வாசலில் அவரைப் பைத்தியக்காரன் என்று சொல்வது மட்டும் நிற்கவில்லை. சாராளுக்கும் கோவிலம்பாக்கத்துத் தவளைகள் மேல் இருந்த கோபம் குறையவில்லை.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு எட்மண்ட் நழுவவில்லை. சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தட்சிணாமூர்த்தி சந்தனக் கிண்ணத்தோடு மிஷின் மிஷினாக வந்தான். கண்ணுக்கு முன்னால் வந்ததும் நின்று, கிண்ணத்தோடு அவரைத் திரும்பிப் பார்த்தான். பட்டறை முழுக்க அவரைப் பார்த்தது. யக்ஞநாராயணனும் பார்த்தார்.

"வைப்பா" என்றார் எட்மண்ட். "அதுவும் கண்ணுதானே."

தட்சிணாமூர்த்தி கண்ணாடியிலேயே வைத்தான், சின்னதாக.

லீவு முடிந்து பட்டறை திறந்த அன்றைக்கு எட்மண்ட் எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு மிஷினிடம் போனார். எல்லோரும் இருந்தார்கள். எல்லோரும் இருக்கும்போதுதான் துடைக்க வேண்டும் என்று அவர் தீர்மானித்திருந்தார். மூடியைத் திறந்தார். பொட்டுக்கு முன்னால் வந்ததும் கை நின்றுவிட்டது. வருஷம் ஒன்று ஆகியும், அத்தனை பேசியும், உள்ளே அந்தப் பயம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. பின்னால் யாராவது ஏதாவது சொல்கிறார்களா என்று காது தானாகக் கூர்ந்தது.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் துடைத்தார்.